ஓட்டு கேட்டு வந்த அம்மா

கோயில் கமிட்டிக்குப் போட்டி வரும். கூட்டுறவு சங்கத்துக்கு அடிதடியே வரும். பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் பதவிக்குப் போட்டி வரும் என்று மட்டும் அந்த ஊரில் யாரும் நினைத்ததில்லை. தஞ்சாவூர் மாவட்டத்தில், அம்மாபேட்டைப் பக்கம், வெண்ணாற்றுத் தண்ணீர் பாய்கிற சின்ன ஊர் அது. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் 43 பிள்ளைகள். இரண்டு டீச்சர்கள், அதில் ஒருவர் தலைமையாசிரியை. 2024 ஆகஸ்டில் தமிழ்நாடு முழுக்க அரசுப் பள்ளிகளில் இந்தக் குழுக்களைப் புதிதாக அமைத்தபோது, ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் அம்மா பள்ளிக்கூடத்துக்குப் போய், “தலைவருக்கு நான் நிக்கிறேன் டீச்சர்” என்றார்.

டீச்சருக்கு முதலில் புரியவில்லை. “எதுக்கு நிக்கிறீங்க?” என்று கேட்டிருக்கிறார்.

கேட்டதில் தப்பில்லை. அந்தப் பதவிக்கு யாரும் ‘நின்றது’ கிடையாது. யாரையாவது உட்கார வைப்பார்கள், அவ்வளவுதான்.

2009-ல் வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ம் பிரிவு, ஒவ்வோர் அரசுப் பள்ளிக்கும் இப்படி ஒரு குழு வேண்டும் என்கிறது. அதில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் தலைவராக வருபவர் அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் அம்மாவாக இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பள்ளிக்கு என்ன வேண்டும் என்று திட்டம் போடுவது, சாப்பாடு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது, படிப்பை விட்ட பிள்ளையைத் திரும்ப அழைத்து வருவது எல்லாம் இவர்கள் வேலை. காகிதத்தில் படித்தால் பெரிய அதிகாரம் மாதிரி இருக்கும். நிஜத்தில் பல ஊர்களில் தலைவர் அம்மாவுக்குத் தான் தலைவர் என்பதே தெரியாமல் இருந்தது. நோட்டு வீட்டுக்கு வரும், கையெழுத்துப் போடுவார், நோட்டு போய்விடும்.

2022-ல் அரசு இதைக் கொஞ்சம் தூசி தட்டியது. அந்த வருடம் மார்ச் 20, ஞாயிற்றுக்கிழமை, தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளில் ஒரே நாளில் பெற்றோர் கூட்டம் நடந்தது. ‘நம் பள்ளி நம் பெருமை’ என்று பெயர் வைத்தார்கள். பிறகு குழுக்களைத் திருத்தி அமைத்தார்கள். இந்த ஊரிலும் நடந்தது. பெயர்களை டீச்சர் படித்தார், எல்லோரும் கை தட்டினார்கள், டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. தலைவராக வந்தவர் நடவு மேஸ்திரியின் மனைவி. நடவு, களை, அறுப்பு என்று எந்த வயலுக்கும் பெண்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர் மேஸ்திரி. அதற்குப் பிறகு கூட்டம் என்றால் வந்தது அவர்தான். மனைவி வந்ததில்லை. நாற்காலியில் அவர் உட்காருவார், நோட்டில் மனைவி கையெழுத்து இருக்கும். இதில் அந்த ஊரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பஞ்சாயத்துத் தலைவிகளின் கணவர்மார்களைப் பார்த்துப் பழகிய நாடு இது.

அந்த அம்மா ஏன் நிற்க வந்தார் என்பதற்குக் காவிரியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

2023-ல் மேட்டூர் அணையை வழக்கம்போல ஜூன் 12-ல் திறந்தார்கள். தண்ணீர் போதாமல் அக்டோபர் 10-ம் தேதியே மூடிவிட்டார்கள். 2024 ஜூன் 12-ல் திறக்கவே இல்லை. அணையில் தண்ணீர் இல்லை. குறுவை போட்டவர்கள் போர் செட்டை நம்பித்தான் போட்டார்கள். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஓடுகிற வாய்க்கால் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தது. பிள்ளைகளுக்கு அது விளையாட்டு மைதானம். இடைவேளை மணி அடித்ததும் கரையிலிருந்து உள்ளே குதிப்பார்கள். வாய்க்காலின் மேல் ஒரு சின்னப் பாலம், அதைத் தாண்டித்தான் பள்ளிக்குள் போக வேண்டும். பாலத்தின் ஒரு பக்கக் கைப்பிடிச் சுவரை எப்போதோ ஒரு டிராக்டர் திரும்பும்போது இடித்துத் தள்ளிவிட்டது. கீழே மணல்தானே, யாரும் கவலைப்படவில்லை.

ஜூலை மாதம் கர்நாடகத்தில் மழை கொட்டியது. 28-ம் தேதி மேட்டூரைத் திறந்தார்கள். 30-ம் தேதி அணை 120 அடியைத் தொட்டுவிட்டது. சில நாளில் ஊர் வாய்க்காலுக்குப் புதுத் தண்ணீர் வந்தது. டெல்டாவில் புதுத் தண்ணீர் வருவது திருவிழா மாதிரி. பெரியவர்கள் கரையில் நின்று கும்பிட்டார்கள். அடுத்த நாள் காலையில் அந்த அம்மா தன் இளைய பையனை, ஒன்றாம் வகுப்பு, பள்ளியில் விடப் போனார். பாலத்தின் இடிந்த பக்கத்தில் நின்றுகொண்டு நாலு பிள்ளைகள் தண்ணீரில் செருப்பை விட்டு, அது எங்கே போகிறது என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாய்க்காலில் இடுப்பளவு தண்ணீர். அவர்களுக்கல்ல, பெரியவர்களின் இடுப்பளவு.

டீச்சரிடம் சொன்னார். மூன்று முறை எழுதிக் கொடுத்தாயிற்று என்றார் டீச்சர். குழுவில் தீர்மானம் போட்டீர்களா என்று கேட்டார். அப்படி ஒரு தீர்மானம் யாரும் கொண்டு வரவில்லை என்றார் டீச்சர். அந்த வாரம்தான் புதுக் குழு அமைக்கிற அறிவிப்பும் வந்திருந்தது.

தேர்தலுக்கு எட்டு நாள் இருந்தது. அவர் ஓட்டு கேட்கக் கிளம்பிவிட்டார். நோட்டீஸ் இல்லை, மைக் இல்லை. பெண்ணின் பழைய கணக்கு நோட்டில் மீந்திருந்த பக்கங்களை மட்டும் எடுத்துக்கொண்டார். 34 குடும்பங்கள். சாயங்காலம் வேலை முடிந்து வந்து, உலை வைத்துவிட்டு, ஒரு நாளைக்கு நாலு வீடு ஐந்து வீடு. பகலில் நூறு நாள் வேலை நடக்கிற இடத்தில் சிலர், ரேஷன் கடை வரிசையில் சிலர்.

முதல் வீட்டிலேயே கேட்டார்கள். “ஓட்டுக்கு என்ன குடுப்பே அத்தாச்சி?”

“ஒண்ணும் குடுக்க முடியாது.”

“ஜெயிச்சா உனக்கு என்ன கிடைக்கும்?”

“எனக்கும் ஒண்ணும் கிடைக்காது.”

“அப்புறம் எதுக்கு வீடு வீடா அலையிறே?”

அந்தக் கேள்விக்கு அவரிடம் நல்ல பதில் எதுவும் இல்லை. பாலத்தைப் பற்றிச் சொன்னார். கேட்ட பெண்ணும் யோசித்துவிட்டு, பாலம் இருக்கட்டும், கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, என் பெண் மத்தியானம் வரைக்கும் அடக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடி வருகிறாள், அதை எழுது என்றார். எழுதிக்கொண்டார். அடுத்த வீட்டில் குடிதண்ணீர்த் தொட்டிக்கு மூடி இல்லை என்றார்கள். இன்னொரு வீட்டில், பையன் மூன்றாம் வகுப்பு வந்தும் எழுத்துக் கூட்டிப் படிக்கவில்லை, கேட்டால் டீச்சர் கோபித்துக்கொள்வாரோ என்று பயமாக இருக்கிறது என்றார்கள். காலைச் சிற்றுண்டியில் உப்புமா நன்றாக இருக்கிறது என்று ஒரு பாட்டி சொன்னார். அதையும் எழுதிக்கொண்டார். குறையை மட்டும்தான் எழுத வேண்டுமா என்ன. அந்தக் காலைச் சிற்றுண்டித் திட்டத்தை மாநிலம் முழுக்க விரித்தது திருக்குவளையில்தான், 2023 ஆகஸ்ட் 25-ல்.

அதே பாட்டிதான் தயங்கிக்கொண்டே கேட்டார். மகனும் மருமகளும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார்கள், பேத்தி இவரிடம் வளர்கிறாள். “எனக்கு ஓட்டு உண்டாம்மா? நான் அப்பாயிதானே?” உண்டு என்றார் இவர். சட்டம் பெற்றோர் அல்லது பாதுகாவலர் என்றுதான் சொல்கிறது. பாட்டி உள்ளே போய் ஒரு டம்ளர் மோர் கொண்டு வந்தார்.

ஓட்டே இல்லாத ஒரு வீட்டுக்கும் போனார். அந்த வீட்டுப் பிள்ளை காலையில் மஞ்சள் வேனில் ஏறித் தனியார் பள்ளிக்குப் போகிறவன். அவன் அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். “நம்ம புள்ள அங்க படிக்கலையே, எனக்கு எதுக்கு இதெல்லாம்?” என்றார். ஏன் அங்கே சேர்க்கவில்லை என்று மட்டும் கேட்டார் இவர். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “வந்து பாத்தேன். கக்கூஸுக்குத் தாழ்ப்பாள் இல்ல. இதையே சரி பண்ணாதவங்க பாடத்தை என்ன பண்ணுவாங்கன்னு தோணிச்சு” என்றார். நோட்டில் தாழ்ப்பாள் இரண்டாம் முறை ஏறியது.

இந்த நோட்டுக்கு வெளிநாட்டில் பெரிய பெயர் இருக்கிறது. பள்ளியைப் பற்றி ஊர் என்ன நினைக்கிறது என்று கேட்டறிந்து, பள்ளி செய்வதை ஊருக்குச் சொல்வதற்கென்றே அமெரிக்காவில் பள்ளிகளுக்கு மக்கள் தொடர்பு அலுவலர்கள் உண்டு. அவர்கள் கூடி 1935-லேயே ஒரு தேசிய சங்கம் வைத்துவிட்டார்கள். அதன் தலைமைக்கு இன்றும் உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு ஆள் தேர்ந்தெடுக்கிறார்கள். நம்மூர் ஒன்றியப் பள்ளிக்கு அப்படி ஓர் அலுவலர் கிடையாது. பிள்ளை சேர்க்கும் நாட்களில் டீச்சர்களே வெயிலில் வீடு வீடாகப் போய், பிள்ளையைச் சேருங்கள் என்று கேட்கிறார்கள். ஆனால் நமக்கும் ஒரு பழைய கதை உண்டு. காமராஜர் முதல்வராக இருந்த காலத்தில், பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு 1958-ல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளைத் தொடங்கினார். கடம்பத்தூரில் முதல் மாநாடு. ஊர் மக்கள் மேடையேறி, பள்ளிக்கு நான் நாற்காலி தருகிறேன், நான் கரும்பலகை தருகிறேன், நான் இடம் தருகிறேன் என்று சொன்னார்கள். அரசாங்கம் கட்டிய பள்ளியை ஊர் தன்னுடையது என்று நினைத்த காலம். நினைக்க வைப்பதற்காகப் பெரிய அதிகாரி ஒருவர் ஊர் ஊராகப் போனார். வேலை அதேதான். இந்த ஊரில் அதைச் செய்தது கணக்கு நோட்டோடு ஓர் அம்மா.

மேஸ்திரி வீட்டுக்குச் செய்தி போகாமல் இருக்குமா? அவர் நேராக ஒன்றும் சொல்லவில்லை. சம்பாவுக்கு நாற்றங்கால் விடுகிற நேரம் அது. சி.ஆர். 1009 மாதிரி நீண்ட நாள் ரகம் போடுகிறவர்கள் ஆகஸ்டிலேயே விதை விட்டுவிடுவார்கள். அடுத்த மாதம் நடவு. யார் யார் நடவுக்கு வருகிறார்கள் என்ற பட்டியல் மேஸ்திரியின் மனதில் தயாராகிற நேரமும் அதுதான். “எல்லாரும் பாத்து நடந்துக்குங்க” என்று டீக்கடையில் பொதுவாகச் சொன்னார். அது போதும். இரண்டு நாள் முன்பு வரை “உனக்குத்தான்” என்று சொன்னவர்கள், “பாக்கலாம் அக்கா” என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

தேர்தலுக்கு முந்தின இரவு மேஸ்திரியின் மனைவியே இவர் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

“எனக்கு இதுல ஆசை இல்ல. அவுங்க விடமாட்டேங்குறாங்க. ரெண்டு வருஷமா என்ன கையெழுத்துப் போட்டேன்னே எனக்குத் தெரியாது” என்றார்.

“அப்ப நிக்காதீங்க.”

“நிக்காம வீட்டுல இருக்க முடியுமா?”

இதற்கு யார் என்ன பதில் சொல்ல முடியும்.

மறுநாள் வேலையை விட்டு 29 குடும்பங்களிலிருந்து வந்திருந்தார்கள். கூலிக்காரர்களுக்கு ஒரு நாள் கூலி என்பது சின்ன விஷயமில்லை. அதைச் சொல்லாமல் இந்தக் கூட்டங்களின் வருகைக் கணக்கைப் பேசுவது நியாயமாகாது. இந்த முறை குழுவில் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேர். 34 குடும்பம் உள்ள பள்ளியில் முக்கால் பங்கு பெற்றோர் என்றால் ஏறக்குறைய பாதி ஊரே குழுவில் வந்துவிடும். அதனால் உறுப்பினர் தேர்வில் ஒரு சிக்கலும் இல்லை. தலைவர் என்று வந்ததும் டீச்சர், “இரண்டு பேர் இருக்கிறார்கள். கை தூக்கிவிடலாமா?” என்றார்.

எல்லாப் பெண்களும் தரையைப் பார்த்தார்கள். மேஸ்திரி பின்னால் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். அவர் ஒன்றும் செய்யவில்லை. சும்மா நின்றார். யார் கை எந்தப் பெயருக்கு எழுகிறது என்று பார்க்க, சும்மா நின்றாலே போதும்.

“சீட்டுப் போட்டுக்கலாம் டீச்சர்” என்றார் இந்த அம்மா.

“சின்ன விஷயத்துக்கு எதுக்குச் சீட்டு? கையைத் தூக்குனா முடிஞ்சுது” என்று மரத்தடியிலிருந்து குரல் வந்தது.

டீச்சர் இரண்டு பக்கமும் பார்த்தார். அவருக்கும் இந்த ஊரில்தான் வேலை பார்க்க வேண்டும். அப்போது முன் வரிசையில் உட்கார்ந்திருந்த மேஸ்திரியின் மனைவி, தலையைத் தூக்காமலே, “சீட்டே போடுங்க டீச்சர்” என்றார்.

அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

சோழ நாட்டில் ஓட்டுச் சீட்டு என்றால் குடவோலையைச் சொல்லாமல் முடியாது. பாடப் புத்தகத்தில் எல்லோரும் படித்ததுதான். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, விவரம் தெரியாத சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொன்னதை விவரிக்கிறது. பெருமையாகப் பேசும்போது ஒன்றை மட்டும் விட்டுவிடுகிறோம். அந்தக் குடத்தில் பெயர் விழ வேண்டுமானால் கால் வேலி நிலமாவது இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். கால் வேலி என்றால் 5 மா. அன்று அந்தப் பள்ளி முற்றத்தில் உட்கார்ந்திருந்த பெண்களில் 5 மா நிலம் உள்ளவர் ஒருவரும் இல்லை.

டீச்சர் சத்துணவுக் கூடத்திலிருந்து ஒரு எவர்சில்வர் குடம் கொண்டுவரச் சொன்னார். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகளும் இருந்ததால் பெயர் எழுதவில்லை. கைவேலைக்கு வாங்கிய காகிதத்தைக் கத்தரித்து, ஆளுக்கு ஒரு பச்சைச் சீட்டு, ஒரு வெள்ளைச் சீட்டு கொடுத்தார். பழைய தலைவருக்குப் பச்சை, இவருக்கு வெள்ளை. வகுப்பறைக்குள் பீரோவுக்குப் பின்னால் குடமும் பக்கத்தில் ஒரு வாளியும். வேண்டியதை மடித்துக் குடத்தில் போட வேண்டும், வேண்டாததை வாளியில் போட வேண்டும். வீட்டுக்கு ஓர் ஓட்டு. ஒவ்வொருவராக உள்ளே போய் வந்தார்கள். சிலர் சீக்கிரம் வந்தார்கள். பேத்தியை வளர்க்கிற பாட்டி ரொம்ப நேரம் உள்ளே இருந்தார், டீச்சர் எட்டிப் பார்க்கலாமா என்று யோசிக்கிற அளவுக்கு.

குடத்திலிருந்து சீட்டை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தது ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன். வெள்ளை 16, பச்சை 12. ஒன்றில் பச்சையும் வெள்ளையும் சேர்த்து மடித்திருந்தது. அதைச் செல்லாது என்று வைத்தார்கள். யாரையும் பகைத்துக்கொள்ள விரும்பாத ஒருவர் எந்த ஊரிலும் இருப்பார்.

ஜெயித்ததும் மாலை மரியாதை எதுவும் இல்லை. மேஸ்திரி வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். செப்டம்பரில் நடவு வந்தபோது இந்த அம்மாவுக்கு அவரிடமிருந்து அழைப்பு வரவில்லை. வேறு ஊர் மேஸ்திரியோடு இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போய் நட்டார். அந்தப் பருவம் முழுவதும் அப்படித்தான். பதவிக்குச் சம்பளம் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். செலவு உண்டு என்று முன்கூட்டியே யாரும் சொல்லவில்லை.

மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குக் குழுக் கூட்டம். முதல் கூட்டத்தில் கணக்கு நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். தாழ்ப்பாள் அன்றைக்கே முடிந்தது. ஒரு முன்னாள் மாணவர் தச்சு வேலை செய்கிறவர், சாயங்காலமே வந்து போட்டுவிட்டுப் போனார். அத்தனை மாதம் ஆகாதது அரை மணி நேரத்தில் ஆனது. தொட்டி மூடியைப் பஞ்சாயத்தில் கொடுத்தார்கள். எழுத்துக் கூட்டாத பையனைப் பற்றி டீச்சரிடம் தனியாகப் பேசினார். டீச்சர் கோபித்துக்கொள்ளவில்லை. இரண்டு பேர் ஐந்து வகுப்பைப் பார்க்கிற கஷ்டத்தைச் சொன்னார். அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

பாலம்தான் சுலபத்தில் அசையவில்லை. வாய்க்கால் ஒரு துறை, பாலம் யாருடையது என்று கேட்டால் இன்னொரு துறை, சாலை ஒன்றியத்துடையது. தீர்மானத்தைப் பதிவு செய்தார்கள். அக்டோபர் 2 கிராம சபையில் எழுந்து நின்று படித்தார். மைக்கைப் பிடித்த கை நடுங்கியதாகப் பிறகு அவரே சொல்லிச் சிரித்தார். மதிப்பீடு போடச் சொல்லியிருக்கிறோம் என்றார்கள். மழைக்காலம் மதிப்பீட்டுக்காகக் காத்திருக்காது. ஐப்பசி அடைமழைக்கு முன்னால் நாலைந்து அப்பாக்கள் சேர்ந்து, இடிந்த பக்கத்தில் மூங்கில் ஊன்றி மூன்று வரிசை குறுக்குக் கழி கட்டினார்கள். மூங்கில் மேஸ்திரி வீட்டுக் கொல்லையிலிருந்து வந்தது. கொடுத்தது அவர் மனைவி. அவரைக் கேட்டாரா, கேட்காமல் வெட்டச் சொன்னாரா என்று ஊரில் இரண்டு விதமாகவும் பேசிக்கொள்கிறார்கள்.

அடுத்த கோடையில், பிள்ளைகளைச் சேர்க்கிற சமயத்தில், டீச்சர்களோடு இவரும் தெருத் தெருவாகப் போனார். மஞ்சள் வேன் வருகிற அந்த வீட்டுத் திண்ணையில் அவர் அதே மாதிரி உட்கார்ந்திருந்தார்.

“போன தடவை ஓட்டு கேட்டு வந்தீங்க. இப்ப புள்ளையவே கேக்க வந்துட்டீங்களா?”

“ஆமாண்ணே.”

“தாழ்ப்பாள் போட்டாச்சா?”

“போட்டாச்சு. வந்து நீங்களே ஒரு தடவை இழுத்துப் பாத்துட்டுச் சொல்லுங்க.”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திண்ணையிலிருந்து இறங்கினார்.